மூன்று மணி வடை

இந்துமதி மேசைமேல் மூன்று பொருள்களை வைத்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் பையில் ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு பாக்கெட் கொள்ளு முறுக்கு.

"முறுக்கு உங்களுக்குங்க. எங்கூட்டுக்காரர் கம்பெனி. அவிநாசியில இருக்குது."

பாக்கெட்டின் மேல் பச்சை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தது. குணா அதை முதலில் எடுத்தான். சுப்புலட்சுமி அறிக்கையை எடுத்தாள்.

நூல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் அவர்களுடைய அலுவலகம். சுப்புலட்சுமி முன்பு ஏற்றுமதித் துணிகளைத் தரம் பார்த்தவள். துணியில் ஓட்டை தேடி அலுத்துப்போய் மனிதர்களிடம் தேட வந்துவிட்டாள் என்று குணா சொல்வான். அவன் மதுரைக்காரன். அவளுடைய ஒரே உதவியாளன்.

"எங்கப்பாவைக் கொல்லப் பார்த்திருக்காங்க," என்றாள் இந்துமதி.

"யார்?"

"தம்பி சம்சாரம். வினிதா."

அப்பா ஆத்தப்பன். பனியன் கம்பெனி முதலாளி. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு மருமகள்தான் சமையல். முந்தாநாள் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இன்னும் கண் விழிக்கவில்லை. அறிக்கையைப் பார்த்த டாக்டர் இந்துமதியிடம் ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டில் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?

"கெட்ட கொழுப்பு ரெண்டு மடங்காயிருச்சுங்க. எண்ணெயே இல்லாம ஆக்குன்னு நான் அவகிட்டத் தலையில அடிச்சுட்டுச் சொன்னேன். கொஞ்சம் வேணும்னு சட்டம் பேசுனா."

"வெளியில் சாப்பிட்டிருக்கலாம்."

"அதுக்குத்தானுங்க சட்டையைக் கொண்டாந்தேன். அப்பாவுக்குக் கை நடுங்கும். ஒரு டீ குடிச்சா பாதி நெஞ்சு மேல. வெளிய தின்னிருந்தா சட்டை காட்டிக் கொடுத்திருக்கும். பாருங்க. விழுந்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டை. ஒரு பொட்டுக் கறை இருக்குதுங்களா?"

இல்லை. விளம்பரத்தில் வருகிற வெள்ளை.

"நாளைக்குச் சொந்தக்காரங்க எல்லாம் கூடறோம். தம்பி தரணீதரன் அவளைக் கணியூருக்கு அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டான். அவ அம்மா ஊட்டுக்கு. புள்ளை இங்கதான் இருக்கும்."

"பிள்ளைக்கு என்ன வயது?"

"அஞ்சு."

குணாவின் வாயில் முறுக்கு உடைந்தது.

"முடிவு பண்ணியாச்சுன்னா நாங்க எதுக்குங்க?" என்றான்.

"நாலு பேருக்கு முன்னால வைக்க ஒரு ஆதாரம் வேணுமில்லீங்களா."

"தீர்ப்பு எழுதியாச்சு. பின்னால குத்த ஒரு தாள் வேணும்," என்றான் குணா.

இந்துமதி அவனைப் பார்க்கவில்லை. சுப்புலட்சுமியைப் பார்த்தாள்.

"வீட்டுக்கும் கம்பெனிக்கும் எப்ப வேணாலும் போங்க. ஆடிட்டுன்னு சொல்லி வைக்கறேன். நாளைக்குக் காலையில எனக்கு ஆதாரம் வேணும்."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை சுப்புலட்சுமி காத்திருந்தாள். பிறகு அறையின் மூலையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். பழைய வேலையிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து அது. துணியின் நிறம் பார்க்கிற லைட் பாக்ஸ். சட்டையை உள்ளே விரித்தாள். யூ.வி. விளக்கைப் போட்டாள்.

சட்டை நீலமாக ஒளிர்ந்தது. நெஞ்சுப் பக்கம் மட்டும் ஐந்தாறு மங்கலான வட்டங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய வளையம்.

"கறையா?" என்றான் குணா.

"கறை எடுத்த இடம். வீட்டுத் துவைப்பில் இப்படி வளையம் விழாது. மருந்தை வேகமாகப் பீய்ச்சினால்தான் விழும். பனியன் கம்பெனியில் அதற்கென்று துப்பாக்கி உண்டு."

"துப்பாக்கின்னதும் கேஸு பெருசாகுதுன்னு நெனச்சேன்." அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அழுக்கை வச்சு ஆளைப் பிடிக்கிறவய்ங்க உண்டு. நீங்க சுத்தத்தை வச்சுப் பிடிக்கிறீங்க."

"கை நடுங்குகிறவர் சிந்தியிருக்கிறார். சிந்தியதை யாரோ அழித்திருக்கிறார்கள். வீட்டில் சிந்தியிருந்தால் அழிக்கத் தேவையில்லை."

"அப்ப மருமக தப்பிச்சாச்சு."

"நாலு பேருக்கு முன்னால் வளையம் போதாது," என்றாள். "கிளம்பு."

*

வீடு கம்பெனிக்குப் பக்கத்துக் காம்பவுண்ட். வினிதா சமையலறையில் மருத்துவமனைக்குக் கேரியர் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூங்காத கறுப்பு.

"நங்கையா போன் பண்ணுனாங்க. எல்லாத்தையும் காட்டச் சொன்னாங்க." நங்கையா என்றது இந்துமதியை. கணவனுக்கு அக்கா. "பார்த்துக்குங்க. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

அலமாரியில் மூன்று சிறிய பாட்டில்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். பக்கத்தில் ஒரு கரண்டி. சுவரில் பள்ளிப் பை ஒன்று மாட்டியிருந்தது. அதன் ஜிப்பில் ஒரு பிளாஸ்டிக் முயல்.

"எண்ணெயே இல்லாமல் சமைக்கச் சொன்னார்களாமே?"

"ஒரு மாசம் அப்படித்தானுங்க ஆக்குனேன். மாமா தட்டுல கை வைப்பாரு. எந்திரிச்சுப் போயிருவாரு. பசியோட எந்திரிக்கறவரு எங்கியாச்சும் போய்த் திம்பாருன்னு எனக்குப் பயம். டாக்டரைக் கேட்டேன். எண்ணெய் எதிரி இல்லம்மா, அளவும் வகையும்தான்னாரு. மாசத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர். ஒரே எண்ணெயா இல்லாம மாத்தி மாத்தி. கூட ஒரு கை வேர்க்கடலை. வாரத்துல ரெண்டு நாள் மத்தி மீன். அதுலயும் கொழுப்புத்தான். நல்ல கொழுப்பு."

"மிச்ச எண்ணெய்?"

"ஒருக்கா காஞ்சது மறுபடியும் அடுப்புக்கு வராதுங்க. கொட்டிருவேன். அதுக்கும் நங்கையா திட்டுவாங்க. தண்டம்னு."

"மாமா குறை சொல்வாரா?"

வினிதா கேரியரின் கைப்பிடியை அழுத்தினாள். அது பூட்டவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"தினமும் சொல்லுவாருங்க. உப்பில்ல, உரைப்பில்ல, ஆஸ்பத்திரிச் சோறுன்னு. ஒரு வருசமிருக்கும், திடீர்னு நிறுத்திட்டாரு. போட்டதைத் தின்னுட்டு எந்திரிப்பாரு. எனக்கு அதுதான் சந்தேகமா இருந்துச்சு."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"இவருகிட்டச் சொன்னேன். உன் கைப்பக்குவம் தேறிடுச்சுன்னாரு."

வெளியே வந்ததும் குணா செருப்பை மாட்டினான்.

"குறை சொல்றதை ஒரு புருசனும் நிறுத்துனதில்லக்கா. வேற ஊட்டுல சாப்பாடு கிடைச்சாத் தவிர."

"அந்த வேறு வீடு கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது," என்றாள் சுப்புலட்சுமி. "துப்பாக்கி அங்கேதான்."

*

செக்கிங் பிரிவில் டியூப் லைட்டுகளின் கீழே வெள்ளை டி-ஷர்ட்டுகள் மலையாகக் கிடந்தன. கடைசி மேசையில் காளியாத்தாள் கையில் துப்பாக்கியோடு நின்றாள். ஒரு டி-ஷர்ட்டின் தோளில் எண்ணெய்ப் பொட்டு. குறி பார்த்து அழுத்தினாள். புஸ்ஸென்றது. பொட்டு போயிற்று.

"ஆடிட்டுங்களா?" என்றாள்.

"முதலாளி சட்டையை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வீர்கள்?"

துப்பாக்கி தாழ்ந்தது.

"சொல்லக் கூடாதுன்னாருங்க."

"அவர் பேச முடியாமல் கிடக்கிறார். அவருக்காக ஒரு பெண்ணைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள்."

காளியாத்தாள் சுற்றிலும் பார்த்தாள்.

"தினமும்ங்க. டீ நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி வருவாரு. சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் பனியனோட நிப்பாரு. 'ஊட்ல தெரியக்கூடாது காளியாத்தா'ம்பாரு. ஒரு பீஸுல கறை நின்னு போச்சுன்னா என்னைய மேசைக்கு முன்னால நிறுத்தி வச்சுப் பேசுவாருங்க. சட்டை குடுக்கற நேரத்துல மட்டும் என் மேசைக்கு முன்னால அவரு நிப்பாரு."

"எங்கிருந்து வருவார்?"

அவள் துப்பாக்கியைப் பின்பக்கம் நீட்டினாள். கேண்டீன்.

"துப்பாக்கிய நீட்டிச் சாட்சி சொன்ன ஆளை இன்னிக்குத்தேன் பாக்கேன்," என்றான் குணா.

*

தகரக் கூரை. பெரிய இரும்புச் சட்டி. பருப்பு அரைத்து வைத்திருந்தது. கேண்டீன் சமையல்காரி கருத்தம்மா உசிலம்பட்டிக்காரி. குணா இரண்டு வார்த்தை பேசியதும் அவள் முகம் மாறிவிட்டது.

"நம்மூருப் பக்கமா? சொல்ல மாட்டியாப்பா. உக்காரு."

"முதலாளி இங்கனதேன் உக்காருவாராத்தா?"

"அந்தா, பின்வாசல்ல. அரிசி மூட்டை மேல. மூணு மணி டீக்கு வடை போடுவேன்ல. மொத ஈடு எடுத்ததும் வந்துருவாரு. சுடச்சுட மூணு. 'எங்கூட்டுல எனக்கு விலங்கு போட்டுட்டாங்க கருத்தம்மா'ம்பாரு. எனக்கும் தெரியும்ப்பா, நெஞ்சு வலிக்காரருன்னு. வேணாஞ்சாமின்னு சொல்ல நான் யாரு? சோறு போடுற முதலாளி."

"நீதான சோறு போட்டிருக்க," என்றான் குணா. அவள் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

சுப்புலட்சுமி அடுப்புக்குப் பக்கத்திலிருந்த டின்னைப் பார்த்தாள். விளிம்புவரை நிறைந்திருந்தது. எண்ணெய் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

"எத்தனை தடவை காய்ச்சியது?"

"இப்பத்தேன் திறந்தேன்க்கா. இன்னும் சட்டியிலயே ஊத்தலை."

"புது டின்னா?"

"டின்னு புதுசு."

கருத்தம்மா அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லியாகிவிட்டது.

"எப்போதிருந்து?"

"ஒரு வருசமா. முன்ன பொன்னு மாதிரி வரும். இது சட்டியில ஊத்துனா நுரைக்குது. செக்கிங் பிள்ளைக நெஞ்சு கரிக்குதுங்குதுக. இந்திக்காரப் பையங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாய்ங்க. சொன்னேன். வடிகட்டி ஊத்துன்னாக."

"யார்?"

கருத்தம்மா பருப்பைக் கிளறினாள். "எம்மக நர்சுக்குப் படிக்கிதுக்கா. என்னைய விட்ருங்க."

வடிகட்டும் துணி ஆணியில் தொங்கியது. ஏற்றுமதியில் கழிந்த வெள்ளை டி-ஷர்ட்டின் முதுகு. சுப்புலட்சுமி அதை எடுத்து விரித்தாள். அடியில் கசடு. கசடில் செம்பழுப்பு நிறத்தில் துணுக்குகள். ஒன்றை நகத்தில் எடுத்தாள். அதன் மேல் வரி வரியாகக் கோடுகள்.

"இங்கே முறுக்கு சுடுவீர்களா?"

"வடை, போண்டா. முறுக்குப் பிழிய எங்கன நேரம்?"

குணா பாக்கெட்டிலிருந்து கடைசி முறுக்கை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். சுப்புலட்சுமி கையை நீட்டினாள். அதை வாங்கித் துணுக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதே நிறம். அதே வரி. கொள்ளு.

குணா பார்த்தான்.

"அக்கா. ஒரு பாக்கெட்டு முழுங்கிட்டேன்."

"உனக்குக் கிடைத்தது முறுக்கு. இவர்களுக்குக் கிடைத்தது அதைச் சுட்ட எண்ணெய். சுட்டுத் தீர்ந்ததை டீசல் செய்ய எடுத்துப் போக ஆள் வருவான். கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவிநாசியில் கொடுக்கவில்லை."

அவள் ஒரு பாட்டிலில் எண்ணெயை நிரப்பினாள். மூடியை இறுக்கினாள்.

*

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் இந்துமதி. கடைசி நாற்காலியில் வினிதா, மடியில் கேரியரோடு. நடுவில் ஆறு காலி நாற்காலிகள்.

"ஆதாரம் கெடைச்சுதுங்களா?" என்றாள் இந்துமதி.

"கிடைத்தது."

சுப்புலட்சுமி தணிந்த குரலில் சொன்னாள். சட்டை. துப்பாக்கி. பின்வாசல். மூன்று வடை. இந்துமதியின் கண் வினிதா பக்கம் போய்த் திரும்பியது.

"அந்தக் கேண்டீன்காரியைச் சும்மா விட மாட்டனுங்க. இப்பவே போலீஸுக்கு…"

சுப்புலட்சுமி பாட்டிலை நாற்காலியில் வைத்தாள். பக்கத்தில் முறுக்கு. பக்கத்தில் துணுக்கு ஒட்டிய துணி.

இந்துமதி போனைக் கீழே இறக்கினாள்.

"கேண்டீனுக்கு யார் வாங்கிப் போடுகிறார்கள்?" என்றாள் சுப்புலட்சுமி.

கண்ணாடிக்கு அப்பால் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டு ஒலித்தது.

"வேலை செய்யற உடம்புங்க," என்றாள் இந்துமதி கடைசியில். "வேர்வையில போயிரும்னு எங்கூட்டுக்காரர் சொன்னாரு. கீழ கொட்டற பொருள்தானேன்னு. அது லேபருக்குங்க. லேபருக்குன்னுதானுங்க அனுப்புனது. அப்பா அங்க போய் உக்காருவாருன்னு யாருங்க கண்டா?"

அதை அவள் நியாயமாகவே சொன்னாள். குணா வாயைத் திறந்தான். சுப்புலட்சுமி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

வினிதா எழுந்து வந்திருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு வருடமாகக் கரண்டியில் அளந்து ஊற்றியவள்.

இந்துமதி அவள் கையைப் பிடித்தாள். இரண்டு நாளில் முதல் தடவை.

"கண்ணு, நாளைக்கு எல்லார்த்துக்கும் முன்னால நானே சொல்றேன். உன்ற மேல ஒரு தப்புமில்ல. அப்பா வெளிய தின்னுட்டாருன்னு சொல்லிக்கலாம். கடையில கிடையில. தம்பிகிட்டயும் நான் பேசறேன். கேண்டீன் பேச்சு மட்டும் வேண்டாம். ரெண்டு கம்பெனியும் போயிரும்."

"பாப்பா?" என்றாள் வினிதா.

"உன்ற கூடத்தான். உன்ற ஊட்லதான்."

"பேச்சு வெளிய வந்துச்சுன்னா?"

இந்துமதி கையை விடவில்லை. இன்னும் இறுக்கினாள்.

வினிதா சுப்புலட்சுமியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சரிங்க நங்கையா."

"இவங்ககிட்டயும் சொல்லு."

"அவங்க சொன்ன மாதிரியே இருக்கட்டுங்க," என்றாள் வினிதா சுப்புலட்சுமியிடம். "எனக்கு வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

சுப்புலட்சுமி பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இந்துமதியின் பார்வை பையோடு போயிற்று.

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

"ஆதாரம் கேட்டீர்கள். நாளை கூட்டம் நல்லபடியாக முடியும்வரை என்னிடம் இருக்கட்டும்."

*

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் குணா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உணவுப் பாதுகாப்பு ஆபீஸு பக்கத்துலதான்க்கா."

"இன்று கொடுத்தால் இன்றே ஆள் வருவார்கள். நாளைக் கூட்டத்தில் வினிதா நிற்க இடமிருக்காது."

"அப்ப எப்ப?"

"கூட்டம் முடியட்டும். அவள் மேல் தப்பில்லை என்று இந்துமதி வாயால் நாலு பேர் கேட்கட்டும். சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. நாளை மறுநாள் கொடுப்போம்."

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை விட்டு வைப்பாய்ங்களா?"

சுப்புலட்சுமி பையை இழுத்து மூடினாள்.

"சரி. நாளை மறுநாள் வரைக்கும் வடை?" என்றான் குணா.

அவள் கைபேசியை எடுத்தாள். கருத்தம்மாவின் எண்ணை அவன் சொன்னான். ஒலிபெருக்கியில் போட்டாள். எடுத்ததும் பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"கருத்தம்மா. இன்றைக்கும் நாளைக்கும் வடை வேண்டாம். இன்றைக்கு வெறும் டீ, நாளைக்குச் சுண்டல்."

"சுண்டலுக்கு யாருக்கா சரக்குக் குடுத்தா? பருப்பு அரைச்சு வச்சிட்டேனே."

"டின் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கவுத்தா என் வேலை போயிருமேக்கா. இப்பத்தேன் முதலாளி மக போன் போட்டாக. இருக்க டின்னை இன்னிக்கும் நாளைக்குமா ஊத்தி முடிச்சுருன்னாக. ஒரு சொட்டு மிஞ்சக் கூடாதாம். காலி டின்னைக் கையோட வண்டியில ஏத்தணுமாம்."

சுப்புலட்சுமி பையைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் இருந்தது. நாளை மறுநாள் ஆள் வரும்போது கேண்டீனில் வேறு எதுவும் இருக்காது. மற்றதெல்லாம் தின்று தீர்ந்திருக்கும்.

குணா போனை வாங்கினான்.

"ஆத்தா. நீயாவது அதைத் திங்காத."

"நான் எங்கப்பா திங்கிறேன். நான்தேன் வடிகட்டுறேன்ல."

சைரன் ஊதியது. மூன்று மணி. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நூற்றுக்கணக்கான செருப்புகள் தகரக் கூரையை நோக்கி வருகிற ஓசை போனில் கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். யாரோ இந்தியில் எதையோ கேட்டான்.

"வச்சிரவா?" என்றாள் கருத்தம்மா. "பிள்ளைக பசியோட வருதுக."

அவள் வைக்க மறந்துவிட்டாள். மாவு எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு ஒன்று.